கேளுங்க வாத்தியார்: வேற கிரகத்துல ஆரும் இருக்காங்களா?

இந்த முறை கேள்விப் பெட்டியத் திறந்தா முக்காவாசி வானத்தப் பத்தித்தான் கிடக்கு. வழமையா தென்னைக்கு வெள்ளை ஈ பிடிச்சா என்ன செய்ற, எருமைத் தயிர் ஏன் தண்ணி விடுது எண்டு கேக்கிற ஆக்களெல்லாம் ஒரேயடியா மேல பாக்கத் தொடங்கிட்டீங்க, யூடியூப்ல என்னத்தப் பாத்தீங்களோ. சரி, தயிரும் தென்னையும் அடுத்த இதழுக்கு. சயன்ஸ் படிப்பிச்சு பென்சன் எடுத்த எனக்கும் இது ஆசையான விசயம்தான், அதால முழுக்க இதுவே போகட்டும்.

கேள்வி: சேர், என்ட மகன் ஆறாம் ஆண்டு. ராவையில கரண்ட் போனா மொட்டை மாடிக்கு ஏறிக்கிட்டு "அம்மா, அங்க ஆரும் இருக்காங்களா, அவங்களும் நம்மளப் பாக்கிறாங்களா" எண்டு கேட்டு என்னைப் பிச்சுத் தின்றான். இருக்கு எண்டு சொல்றதா, இல்ல எண்டு சொல்றதா? (ஒரு அம்மா, களுவாஞ்சிக்குடி)

பதில்: தங்கச்சி, ரெண்டையும் சொல்லாதீங்க. "இன்னும் ஒண்டும் அம்பிடல்ல மகன், தேடிக்கிட்டு இருக்காங்க" எண்டு சொல்லுங்க, இண்டைக்குத் தேதிக்கு அதுதான் உண்மை. பூமிக்கு வெளியில ஒரு சின்னக் கிருமி கூட உறுதியாக் கிடைக்கல்ல.

ஆனா அதோட கதைய முடிச்சிராதீங்க. மத்த நட்சத்திரங்களுக்கும் கிரகம் இருக்கா எண்டதே நான் படிக்கிற காலத்துல ஊகம்தான். 1995ல மிசேல் மேயர், டிடியே குவெலோ எண்ட ரெண்டு பேர் நம்மட சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்தச் சுத்துற கிரகம் ஒண்டப் பிடிச்சாங்க, 2019ல அதுக்கு நோபல் பரிசும் கிடைச்சிது. 2025 செப்டம்பர்ல நாசாட கணக்கு 6000த்தத் தாண்டிட்டு. முப்பது வருசத்துல சைபர்ல இருந்து ஆறாயிரம், அதுவும் நம்மட பால்வீதியில பக்கத்து வளவுக்குள்ள மட்டும் எட்டிப் பாத்ததுக்கு. மொத்தமா அங்க 10,000 கோடி நட்சத்திரமாவது இருக்கு.

உயிர் எண்டதும் புள்ளைகள் பெரிய கண்ணு, மெல்லிய கை, பச்சைத் தோல் எண்டு நினைக்குதுகள். நான் வகுப்புல இதத்தான் முதல் உடைக்கிறது. பூமிக்கு வயசு 450 கோடி வருசம் சொச்சம். உயிர் இருந்ததுக்கு நல்ல அடையாளம் 350 கோடி வருசத்துக்கு முந்தியே கல்லுக்குள்ள கிடக்கு. ஆனா விலங்கு எண்டு சொல்லத்தக்கது வந்தது கடைசி 60 கோடி வருசத்துலயாம், அப்ப இடையில கிடந்த அந்த 290 கோடி வருசமும் இஞ்ச என்ன இருந்திச்சு எண்டு கேட்டா கிருமியும் பாசியும், வேற ஒண்டும் பெருசா இல்ல. அந்த நேரம் ஆராவது வேற கிரகத்துல இருந்து நம்மளப் பாக்க வந்திருந்தா, வழுக்கி விழுந்துட்டுத் திரும்பிப் போயிருப்பாங்க.

ஒருக்கா ஓஎல் வகுப்புப் பொடியன்கள மகாஓயா சுடுதண்ணிக் கிணத்துக்குக் கூட்டிப் போனன். எல்லாரும் முட்டைய லேஞ்சியில கட்டி இறக்கிப் பாத்துக்கிட்டு நிண்டாங்க, ஒருத்தன் மட்டும் தண்ணி வழிஞ்சு ஓடுற ஓரத்துல குந்தி இருந்து "சேர், இஞ்ச பாருங்க, இவ்வளவு சூட்டுலயும் பச்சையா வழுவழு எண்டு என்னமோ படிஞ்சிருக்கு" எண்டான். விரலால தொட்டுப் பாத்தம், சூடுதான், விரல வச்சிக்கிட்டு இருக்க ஏலாது, ஆனா அது சொகமா வளருது. எனக்கு அண்டைக்கு முட்டைய விட அதுதான் பெரிய விசயம். 1977ல கலாபகோஸ் தீவுப் பக்கம் ஆழ்கடலுக்கு அடியில வெயிலே படாத இடத்துல சுடுதண்ணி ஊற்றுகளச் சுத்தி பெரிய புழுவும் மட்டியும் கூட்டமா வாழுறதக் கண்டு பிடிச்சதுக்குப் பிறகுதான், உயிருக்கு வெயில் கட்டாயம் வேணும் எண்ட பேச்சே அடங்கினது. சூடும் தண்ணியும் கொஞ்சம் ரசாயனமும் காணும்.

அதாலதான் இப்ப எல்லாரும் கிரகத்த விட்டுட்டு நிலாக்களப் பாக்கிறாங்க. சனியச் சுத்துற என்சலடஸ் எண்ட நிலா, குறுக்கால 500 கிலோமீட்டர்தான். பருத்தித்துறையில இருந்து தெய்வேந்திரமுனை வரை 430 சொச்சம், அதுல இருந்து யோசிங்க எவ்வளவு சின்னன் எண்டு. மேல ஐஸ், உள்ள கடல். 2005ல கசினி விண்கலம் போய்ப் பாக்கக்குள்ள அதுட தென் துருவத்துல ஐஸ் வெடிப்புகளால தண்ணி பீச்சிக்கிட்டு இருந்திச்சு. அந்தப் பீச்சலுக்குள்ளாலயே கசினிய ஓட்டி மணந்து பாத்தாங்க: உப்பு, ஐதரசன், காபன் சேர்ந்த பொருள்கள், எல்லாம் இருக்கு, 2023ல பழைய டேட்டாவத் திரும்பக் கிண்டி பொசுபேற்றும் இருக்கு எண்டாங்க. நம்மட டிஎன்ஏக்கு வேணுமே, அதே பொசுபரசுதான். சமைக்கிறதுக்கு எல்லாச் சாமானும் குசினியில இருக்கு, ஆனா ஆரும் அடுப்பு மூட்டினாங்களா எண்டு தெரியா. வியாழன்ட நிலா யூரோப்பாவும் இதே கதைதான், ஐஸுக்குக் கீழ பூமியில உள்ள கடல் எல்லாத்தையும் விட ரெண்டு மடங்கு தண்ணி இருக்கலாம் எண்டு கணக்கு. 2024 அக்டோபர் 14ல யூரோப்பா கிளிப்பர் எண்ட விண்கலம் புறப்பட்டுட்டு, 2030ல போய்ச் சேரும், உங்கட மகன் அப்ப ஓஎல் எழுதுற வயசுல இருப்பான். ஒரு விசயம், கிளிப்பர் உயிரத் தேடுற மெசின் இல்ல, அங்க உயிர் இருக்கத்தக்க வசதி இருக்கா எண்டு பாக்கிற மெசின். பேப்பர்க்காரங்க இதக் குழப்பி எழுதுவாங்க.

கேள்வி: வாத்தியார், வட்டைக்குள்ள யானைக் காவலுக்கு இருக்கக்குள்ள பொழுது பட்டு ஏழேகால் போல வானத்துல லைட்டு லைட்டா வரிசையா, ரயில் பெட்டி மாதிரி, சத்தமில்லாமப் போச்சு. ஒரு நாற்பது இருக்கும். நடு வானத்துல வந்து ஒண்டொண்டா அணைஞ்சிட்டு. கூட இருந்தவன் ஓதத் தொடங்கிட்டான். என்னது இது? (ஒரு போடியார், சம்மாந்துறை)

பதில்: காக்கா, பயப்படாதீங்க, அது இலோன் மஸ்க்கிட சாமான். ஸ்டார்லிங்க் எண்டு இன்டர்நெட் குடுக்கிற செட்லைட். 2019 மே மாசம் முதல் தடவையா அறுபத ஒரே ரொக்கெட்ல ஏத்தி விட்டாங்க, அதுல இருந்து ஏத்திக்கிட்டே இருக்காங்க. ஏவின கையோட கொஞ்ச நாளைக்கு அதெல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வரிசையில போகும், மறுகா 500 கிலோமீட்டர் அளவு உயரத்துக்கு ஏறிப் பிரிஞ்சிரும். அதுல லைட் ஒண்டும் இல்ல, நமக்கு இருட்டா இருக்கக்குள்ள அந்த உயரத்துல வெயில் படுது, அந்த வெயில்தான் தெறிக்குது. அதாலதான் பொழுது பட்ட கையோடயும் விடியுறதுக்கு முந்தியும் மட்டும் தெரியும். அணைஞ்சது எண்டு சொன்னீங்களே, பூமிட நிழலுக்குள்ள பூந்துட்டு, அவ்வளவுதான்.

உங்கட கூட்டாளிக்குச் சிரிக்காதீங்க. நானும் ஒருக்கா மச்சான்ட வயலுக்கு பெரும்போகக் காவலுக்குப் போய் வாடியில படுத்துக்கிட்டு இருந்து, மேற்கால மரத்துக்கு மேல பெரிய வெளிச்சம் ஒண்டு எங்களையே பாத்துக்கிட்டு நிக்குது எண்டு யானைவெடிய எடுத்துட்டன். வெள்ளிக் கிரகம். படிப்பிச்ச வாத்தியாருக்கே அந்தக் கதி.

கேள்வி: பொலன்னறுவையில விழுந்த கல்லுக்குள்ள உயிர் இருந்தது எண்டு நம்மட நாட்டு விஞ்ஞானி ஒருத்தரே சொன்னாரே, அத ஏன் ஒருத்தரும் கதைக்கிறல்ல? மூடி மறைச்சிட்டாங்களா? (வாசகர், வாழைச்சேனை)

பதில்: மறைக்கல்ல, கதைச்சாங்க, கதைச்சுத்தான் ஒதுக்கி வச்சாங்க. நடந்தது இது. 2012 டிசம்பர் 29ல அறலகன்விலப் பக்கம் வானத்துல நெருப்புக் கோளம் மாதிரி ஒண்டப் பாத்ததாச் சனம் சொல்லிச்சு, வயலுக்குள்ள இருந்து கல்லுகளும் எடுத்தாங்க. அதுல சிலது இங்கிலாந்துல இருந்த பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவிட கைக்குப் போச்சு. கொழும்புல பிறந்தவர், பிரெட் ஹோய்ல் எண்ட பெரிய வானியலாளரோட சேர்ந்து வேலை செய்தவர், உயிருட விதை விண்வெளியில வால்வெள்ளிகளால பரவுது எண்டது அவங்கட நீண்ட காலக் கொள்கை. விண்வெளித் தூசுல காபன் சேர்ந்த பொருள் இருக்கு எண்டு முதல் சொன்ன ஆக்களுல அவரும் ஒருத்தர், சும்மா ஆள் இல்ல. 2013 சனவரியில "கல்லுக்குள்ள டயட்டம் இருக்கு" எண்டு கட்டுரை போட்டாங்க. டயட்டம் எண்டது கண்ணாடி மாதிரி ஓடு உள்ள சின்னப் பாசி, நம்மட குளம், ஆறு, வாய்க்கால் எல்லாத்துலயும் கோடிக் கணக்குல கிடக்கு.

பிரச்சினையும் அதுலதான். விழுந்த இடம் மகாவலிப் பக்கத்து வயல், மாரி நேரம், கல்லு பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையானது. ஈரமண்ணுல கிடந்த ஓட்டைக் கல்லுக்குள்ள குளத்துப் பாசி இருக்கிறது ஒரு அதிசயமா? கண்டதும் நம்மட நன்னீர்ல உள்ள அதே சாதி, வேற உலகத்துல தனியா வளர்ந்தது எப்பிடி அச்சு அசல் நம்மட குளத்துக் குடிமகனா இருக்கும்? அவர்ர கொள்கைப்படி பாத்தா இஞ்ச உள்ளதே அங்க இருந்து வந்ததுதானே எண்டு பதில் சொல்லலாம்தான், ஆனா அப்பிடிச் சொன்னா எந்தக் கல்லுக்குள்ள என்ன கிடைச்சாலும் சரியாத்தானே போகும், பிழை எண்டு காட்ட வழியே இல்லாத கதை எனக்குப் பிடிக்கிறல்ல. அதோட அது விண்கல்லே இல்ல, மின்னல் விழுந்து உருகி ஒட்டின மண் எண்டும் சிலர் சொன்னாங்க.

அந்தக் காலம் என்ட வீட்டுக்கும் கல்லு வந்திச்சு தெரியுமா. வாகரையில இருந்து ஒருத்தர் சொப்பிங் பேக்ல சுத்தி, அதுக்கு மேல துவாயால சுத்தி, பஸ்ஸுல மடியில வச்சிக் கொண்டு வந்தாரு. கறுப்பு, பாரம், காந்தம் ஒட்டுது, மேல குமிழி குமிழியா. அவர்ர முகத்தப் பாக்க எனக்குச் சொல்ல மனமில்ல. குமிழி உள்ள கல்லு அநேகமா விண்கல் இல்ல. தேத்தண்ணி குடுத்துட்டு மெல்லமாக் கேட்டன், எடுத்த இடத்துக்குக் கிட்ட முந்தி கொல்லன் பட்டறை இருந்ததா எண்டு. ஓம், அப்பப்பா காலத்துல இருந்தது எண்டாரு. இரும்புக் கிட்டம், பட்டறையில கழிச்சுப் போட்டது. கொஞ்ச நேரம் ஒண்டும் பேசாம இருந்துட்டு, "அப்ப இத நான் வாசல்ல கதவுக்கு முட்டா வைக்கலாம் தானே சேர்" எண்டு கேட்டுட்டுப் போனாரு.

கேள்வி: கே2-18பி எண்ட கிரகத்துல உயிர் கண்டு பிடிச்சிட்டாங்களாமே, செய்தியில பாத்தன். பிறகு ஒரு சத்தத்தையும் காணல்ல? (கம்பஸ் மாணவி, கல்லடி)

பதில்: கல்லடியில இருந்துகொண்டு இந்தக் கேள்விய நீங்கதான் கேக்கோணும் மகள், ஏனெண்டா பதில் உங்கட பாலத்துக்குக் கீழயே கிடக்கு.

முதல்ல விசயம். அந்தக் கிரகம் 124 ஒளியாண்டு தூரத்துல (வெளிச்சம் ஒரு வருசத்துல போற தூரம்தான் ஒரு ஒளியாண்டு), பூமிய விட எட்டு மடங்குக்கு மேல பாரம், 33 நாளைக்கு ஒருக்கா அதுட நட்சத்திரத்தச் சுத்துது. அவ்வளவு தூரத்துல உள்ளதுட காத்த எப்பிடி ஆராயுறது எண்டா, கிரகம் நட்சத்திரத்துக்கு முன்னால கடக்கக்குள்ள அந்த வெளிச்சம் கிரகத்துட காத்துக்குள்ளால வடிஞ்சு வருது, ரோட்டு லைட்டுக்கு முன்னால சாம்பிராணிப் புகை போனா வெளிச்சம் மாறுது இல்லையா, அப்பிடி. ஒவ்வொரு வாயுவும் வெளிச்சத்துல தனக்கெண்டு உள்ள நிறத்த மட்டும் தின்னும், எந்த நிறம் குறையுது எண்டு பாத்து என்ன வாயு எண்டு சொல்லலாம். ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்பால பாத்து 2023ல மீதேனும் காபனீரொட்சைட்டும் இருக்கு எண்டாங்க. 2025 ஏப்ரல்ல கேம்பிரிட்ஜ்ல இருக்கிற, இந்தியாவுல பிறந்த நிக்கு மதுசூதனும் அவர்ர ஆக்களும் டைமெதில் சல்பைட் எண்ட வாயுட அடையாளமும் தெரியுது எண்டாங்க.

அந்த வாயு உங்களுக்குத் தெரியும், பேர்தான் தெரியா. பின்னேரம் கடக்கரைக்குப் போகக்குள்ள மூக்குல அடிக்குமே ஒரு வாடை, அதுல ஒரு பங்கு இதுதான். பூமியில இத அநேகமா உண்டாக்கிறது கடல்ல உள்ள நுண்பாசிகள். அப்ப அங்கயும் கடல், கடலுக்குள்ள பாசி எண்டு செய்தி பறந்திச்சு. ஆனா அவங்க சொன்னது, இது தற்செயலா வர்றதுக்கு ஆயிரத்துக்கு மூண்டு வாய்ப்பு இருக்கு எண்டு. கேக்க நல்லா இருக்கு, ஆனா இந்த மாதிரி விசயத்துக்கு பத்து லெச்சத்துக்கு ஒண்டுக்கும் குறைஞ்சாத்தான் நம்புவாங்க. வேற குழுக்கள் அதே டேட்டாவ எடுத்துக் கணக்குப் பாத்துட்டு எங்களுக்கு அப்பிடித் தெரியல்ல எண்டிட்டாங்க. அதோட உயிரே இல்லாத ஒரு வால்வெள்ளியிலயும் இதே வாயு இருந்ததாம். அங்க கடல் இருக்கா எண்டதே இன்னும் சண்டைதான்.

இப்ப பாலத்துக்கு வருவம். மட்டக்களப்பு வாவியில, கல்லடிப் பாலத்துக்குக் கீழ மீன் பாடுது எண்டு சொல்லி ஊருக்கே பாடும் மீன் எண்டு பேர் வச்சிட்டம். சின்ன வயசுல பூரணை ராவு ஒண்டுல அப்பா என்னைத் தோணியில கூட்டிப் போய், துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு, மற்றத் தலைப்பக் காதுல வச்சிக் கேளுடா எண்டாரு. முதல்ல ஒண்டும் இல்ல, என்ட மூச்சுத்தான் கேட்டிச்சு. மூச்சப் பிடிச்சிக்கிட்டுக் கேட்டன். பாட்டெல்லாம் இல்ல, தவளை ஒண்டு வாய மூடிக்கிட்டு முக்கின மாதிரி, விட்டு விட்டு, ஆனா சத்தம் உண்மையா இருந்திச்சு. 1848ல இஞ்ச வந்த எமர்சன் டெனன்ட் துரையும் கேட்டுட்டு எழுதி வச்சிருக்காரு, 1950களில லாங் பாதிரியார் அத ரெக்கோட் பண்ணி ரேடியோ சிலோன்லயும் போட்டிருக்கு. ஆனா பாடுறது ஆரு? மீன் எண்டு நாங்க, இல்ல, ஊரி எண்ட தண்ணி நத்தைதான் எண்டு டெனன்ட்டுக்கு மீன்காரங்க காட்டினாங்க. வாவிக்குள்ள, கைக்கு எட்டின தூரத்துல, காதால கேட்ட சத்தத்துக்கே சொந்தக்காரன் ஆரு எண்டு நமக்குள்ள சண்டை, அப்ப 124 ஒளியாண்டுக்கு அங்கால வந்த ஒரு வாடைக்கு? அதுதான் செய்திக்காரங்க அடங்கிட்டாங்க, ஆராய்ச்சிக்காரங்க அடங்கல்ல, திரும்பத் திரும்ப வெப்பால பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க.

செவ்வாய்க்கும் இதே கதைதான். 1976ல வைக்கிங் விண்கலம் மண்ணுக்குச் சாப்பாடு ஊத்திப் பாக்க மண்ணுல இருந்து வாயு வந்திச்சு, ஐயோ உயிர் எண்டாங்க, மறுகா பாத்தா உயிர்ப் பொருள் ஒண்டையும் காணல்ல, மண்ணுட ரசாயன விளையாட்டு எண்டு முடிவு. 2024ல பெர்சவரன்ஸ் வண்டி சிறுத்தைப்புள்ளி போட்ட ஒரு பாறையக் கண்டு துண்டும் எடுத்திருக்கு, பூமியில எண்டா அப்பிடிப் புள்ளி கிருமியாலயும் வரும், ஆனா அத இஞ்ச கொண்டு வர ஒழுங்கான வழி இன்னும் இல்ல. துண்டு குழாய்க்குள்ள கிடக்கு.

கேள்வி: 3ஐ அட்லஸ் ஏலியன்ட கப்பலா? (மூண்டு பேர் தனித்தனியாக் கேட்டிருக்கீங்க)

பதில்: வால்வெள்ளி. வேற நட்சத்திரப் பக்கம் இருந்து வந்தது, அதுதான் விசேசம். 2025 யூலை 1ல சிலியில உள்ள டெலஸ்கோப்பால கண்டாங்க, டிசம்பர்ல பூமிக்குக் கிட்ட வந்தது எண்டாலும் 27 கோடி கிலோமீட்டர். வாலும் விட்டுது, வாயுவும் விட்டுது. வேற ஒண்டும் விடல்ல.

கேள்வி: அமெரிக்கா பறக்கும் தட்டுகள ஒளிச்சு வச்சிருக்கு தானே? (வாசகர், திருக்கோவில்)

பதில்: நாசா அமைச்ச குழு 2023 செப்டம்பர்ல ரிப்போட் குடுத்திச்சு, வேற்றுக் கிரகத்தால வந்தது எண்டதுக்கு ஆதாரம் இல்ல எண்டு. நீங்க நம்ப மாட்டீங்க, நான் என்ன செய்ற.

கேள்வி: வொயேஜர் விண்கலத்துல ஏலியனுக்கு எண்டு ஒலித்தட்டு ஒண்டு அனுப்பி அதுல 55 மொழியில வணக்கம் சொல்லி இருக்காம். தமிழும் இருக்கா சேர்? (தம்பி ஒருத்தர், கல்முனை)

பதில்: இல்ல தம்பி. எனக்கும் இதுல கோவம்தான். சிங்களம் இருக்கு, தெலுங்கு, கன்னடம், ஹிந்தி, வங்காளம் இருக்கு, செத்துப் போன சுமேரிய மொழி கூட இருக்கு, தமிழ் இல்ல. திட்டம் போட்டு விட்டதா நினைக்காதீங்க, 1977ல கார்ல் சேகன் எண்ட வானியலாளரும் அவர்ர ஆக்களும் அவசரம் அவசரமா கோர்னெல் பல்கலைக்கழகப் பக்கத்துல அம்பிட்ட ஆக்கள வச்சிப் பதிஞ்சது. அந்த நேரம் அங்க நம்மட ஆள் ஒருத்தரும் கையில கிடைக்கல்ல போல. எல்லாரும் "சமாதானம், வாழ்த்துக்கள்" எண்டு சபையில பேசுற மாதிரிச் சொல்ல, சீனாட அமோய் மொழியில பேசின ஆள் மட்டும் "எல்லாரும் எப்பிடி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, நேரம் கிடைச்சா வாங்க" எண்டு சொல்லி இருக்காங்க. அது போதும் எனக்கு, அவங்க நம்மட பக்கத்து ஆள்தான்.

ஆனா கேக்கிறவங்க கைக்குப் போய்ச் சேருமா எண்டு கேட்டா, வொயேஜர் 1 செக்கனுக்கு 17 கிலோமீட்டர் ஓடுது, நம்மட மட்டக்களப்பு கல்முனைத் தூரம் ரெண்டரை செக்கன் கூட இல்ல, அப்பிடி ஐம்பது வருசம் கிட்ட ஓடியும் வெளிச்சம் ஒரு நாள்ல போற தூரத்தைத்தான் எட்டிப் பிடிக்குது. ஆகக் கிட்ட உள்ள நட்சத்திரம் நாலே கால் ஒளியாண்டு. அந்தப் பக்கம் பாத்து அதே வேகத்துல போனா 75 ஆயிரம் வருசம். பறக்கும் தட்டுக்காரங்க வாராவாரம் வந்து போறாங்க எண்டு சொல்ற ஆக்கள் இந்தக் கணக்க ஒருக்காப் போட்டுப் பாக்கணும்.

கேள்வி: டெலஸ்கோப் வாங்கக் காசில்ல. நீங்க சொல்ற இந்த நிலா ஒண்டையாவது எங்கட கண்ணால பாக்கேலாதா? (அக்கரைப்பற்று)

பதில்: பாக்கலாம், பைனாகுலர் ஒண்டு இரவல் எடுங்க, பறவை பாக்கிற ஆக்கள்ட இருக்கும். வியாழன் ராவையில தெரியுற மாசமாப் பாத்து, நிலவில்லாத நாள், வெளிச்சம் குறைஞ்ச கடக்கரையா இருந்தா நல்லம். மினுங்காம நிண்டு எரியுற பெரிய வெள்ளைப் புள்ளிதான் வியாழன். கையில பிடிச்சா ஆடும், மதில்ல இல்லாட்டி தோணி விளிம்புல வச்சி அமத்திப் பிடிங்க. பக்கத்துல ஊசி முனை மாதிரி நாலு புள்ளி வரை ஒரே கோட்டுல தெரியும், சில நாள் மூண்டுதான், ஒண்டு பின்னால ஒளிச்சிருக்கும். அதுல ஒண்டு யூரோப்பா. எது எண்டு முதல் நாளே சொல்லேலாது, நாலும் ஒவ்வொரு நாளும் இடம் மாறும். கொப்பியில வரைஞ்சு வரைஞ்சு வாங்க, மூண்டரை நாளைக்கு ஒருக்கா சுத்தி வர்றதுதான் அவ.